வாசகர் கேள்வி – பதில்: மீட்டர்கேஜ் காலத்து ரயில்கள்

பழைய ரயில்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் அருங்காட்சியகங்களைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். மதுரை வட்டாரத்திலிருந்து அதற்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் ரயிலுக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பழைய ரயில்கள் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். எங்கே போகலாம்? அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?
– ஓர் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் திருச்சிதான் வசதி. 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில்வே அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் என்பதால் பழைய படங்களும் ஆவணங்களும் சிக்னல் கருவிகளும் அங்கே பொருத்தமாகவே சேர்ந்திருக்கின்றன. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் சென்னைக்குப் போங்கள். ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையை ஒட்டியுள்ள அருங்காட்சியகத்தில், 1955-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் கதையோடு சேர்த்துப் பெட்டிகள் மாறிவந்த விதத்தையும் பார்க்கலாம். மைசூர் அருங்காட்சியகம் 1979 முதலும், டில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1977 முதலும் இயங்குகின்றன. அவை பள்ளிச் சுற்றுலாவுக்குத் தொலைவு. எங்கே போவதானாலும் விடுமுறை நாளைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளோடு நிற்பது எந்த ஆசிரியைக்கும் வரக்கூடாத சோதனை.

எதைக் காட்டுவது என்ற கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்பினேன். நீராவி எஞ்சினைக் கண்டதும் பிள்ளைகள் மேலே ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அதைத் தடுக்க வேண்டாம். அது முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: ரயில் விளையாட்டில் 'சுக்கு, சுக்கு' என்று கத்துகிறோமே, அந்த ஒலி எஞ்சினின் எந்த இடத்திலிருந்து வந்தது? பெரும்பாலோர் சக்கரத்தைக் காட்டுவார்கள். உண்மையில் அது புகைபோக்கியின் ஒலி. சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பீப்பாய் போல இருக்கும் சிலிண்டருக்குள் நீராவி பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தள்ளி முடித்த நீராவி புகைபோக்கிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு குழாயின் வழியாகப் பீறிட்டு மேலே போகும்போது எழுவதே அந்த ஒலி. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு தள்ளு, ஆக மொத்தம் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'சுக்கு'. இதைச் சொல்லிவிட்டுப் பெரிய சக்கரத்தின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மீட்டர்கேஜ் எனப்படும் ஒரு மீட்டர் அகலப் பாதையில் பயணி ரயில்களை இழுத்த ஒய்.பி. வகை எஞ்சினாக இருந்தால் ஏறத்தாழ 1.37 மீட்டர் வரும், சுற்றளவு 4.3 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டு 'சுக்கு' என்று எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே விடை கிடைத்துவிடும். ரயில் வேகம் பிடித்ததும் அந்த ஒலி தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாகிப் போனது ஏன் என்பதையும் பிறகு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். பீறிட்டுப் போகும் அந்த நீராவி வீணாகவில்லை. போகிற போக்கில் புகையையும் இழுத்துக்கொண்டு போவதால் பின்னால் அடுப்புக்குள் காற்று பாய்ந்து, நெருப்பு மேலும் கனன்று எரிகிறது. ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் அடுப்பு தானாகவே மூளும். ஊதுகுழல் வைத்து அடுப்பு ஊதிய பாட்டி வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

கேள்வி: பழைய எஞ்சின்களின் மேல் ஒய்.பி., ஒய்.ஜி., டபிள்யூ.பி. என்று எழுதியிருக்கிறது. 4-6-2 என்று எண்களும் சொல்கிறார்கள். இவற்றுக்கு என்ன பொருள்?
– ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: முதல் எழுத்து பாதையின் அகலத்தைச் சொல்கிறது. டபிள்யூ என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை, ஒய் என்றால் 1,000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜ், இசட் என்றால் 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. அடுத்த எழுத்து வேலையைச் சொல்கிறது: பி பயணி ரயிலுக்கு, ஜி சரக்கு ரயிலுக்கு. டீசல் வந்த பிறகு நடுவில் ஒரு டி சேர்ந்தது. மதுரைப் பக்கத்து மீட்டர்கேஜ் ரயில்களைக் கடைசிக் காலத்தில் இழுத்த ஒய்.டி.எம்.-4 எஞ்சினில் எம் என்பது இருவகை ரயிலுக்கும் உரியது என்பதைக் குறிக்கும். 4-6-2 என்பது சக்கரக் கணக்கு: முன்னால் வழிகாட்டும் சிறு சக்கரங்கள் நான்கு, நடுவில் இழுக்கும் பெரிய சக்கரங்கள் ஆறு, பின்னால் அடுப்பின் எடையைத் தாங்கும் சக்கரங்கள் இரண்டு.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பிவிடாதீர்கள். மீட்டர்கேஜ் எஞ்சின் ஒன்றை அகலப்பாதை எஞ்சின் என்று எழுதி வைத்திருந்த ஒரு நிலையத்தை நானே பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தமானது, செய்த கம்பெனியின் பெயரும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகட்டின் மேலும் அலுமினிய பெயிண்டைப் பூசி மூடியிருந்தார்கள். எஞ்சினின் பிறப்புச் சான்றிதழே அந்தத் தகடுதான்.

கேள்வி: மதுரைக்கென்றே ஒரு ரயில் அருங்காட்சியகம் அமைத்தால் அதில் எதை வைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மீட்டர்கேஜை. வேறு எதற்கும் அங்கே முதலிடம் தரக்கூடாது என்பது என் கட்சி. உலகின் முதல் எஞ்சின், நாட்டின் முதல் ரயில் என்று எல்லா ஊரிலும் மாட்டும் படங்களையே இங்கேயும் மாட்டினால், அதைப் பார்க்க யாரும் மதுரை நிலையம் இருக்கும் மேல வெளி வீதிக்கு வர வேண்டியதில்லை.

இந்தச் சீமைக்கு ரயில் வந்ததே மீட்டர்கேஜில்தான். திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இலும் பாதை திறந்தது. அகலப்பாதைக்கு ஆகும் செலவைக் குறைக்க வேண்டும் என்று 1870-களின் தொடக்கத்தில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு எடுத்த முடிவின் விளைவு அது. 1860-களில் அகலப்பாதையாகப் போட்டிருந்த நாகப்பட்டினம்–திருச்சி பாதையைக் கூடப் பின்னர் மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள், நம் காலத்தில் அதையே மறுபடியும் அகலப்படுத்தினார்கள். சட்டையைப் பிரித்துத் தைத்து, திரும்பவும் பிரித்துத் தைத்த கதை.

ஆகவே ஒரு ஒய்.பி. எஞ்சினும், அதன் பின்னால் மரப் பலகை இருக்கை உள்ள மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றும் கட்டாயம் வேண்டும். எஞ்சினைக் காட்டிப் பெட்டியை மறந்துவிடுவது எல்லா அருங்காட்சியகங்களிலும் நான் காணும் குறை. ரயிலில் நம் தாத்தா பாட்டியர் உட்கார்ந்திருந்தது பெட்டியில்தானே. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, உடன் இருந்த பயணிகளிடம் கதரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க, கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் வசதியில்லை என்று அவர்கள் சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். அரையாடைக்கு மாறும் முடிவு அதை ஒட்டி மதுரையில்தான் செயலுக்கு வந்தது. அப்படிப்பட்ட பேச்சு நடந்த காலத்துப் பெட்டி எப்படி இருந்தது, கால் நீட்ட எவ்வளவு இடம் இருந்தது என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: என் தாத்தா ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். வீட்டுப் பரணில் பெரிய பிரம்பு வளையம் ஒன்றும், அதன் அடியில் தைத்த தோல் பையும் கிடக்கின்றன. பையில் ஒன்றும் இல்லை. இது எதற்குப் பயன்பட்டது?
– ஒரு வாசகி, பரமக்குடி

பதில்: உங்கள் பரணில் இருப்பது ஒற்றை ரயில் பாதையின் உயிர்க்காப்பு, சகோதரி. அந்தப் பையில் இருந்திருக்க வேண்டியது டென்னிஸ் பந்தளவுள்ள ஓர் இரும்புப் பந்து. நீல்ஸ் பால் டோக்கன் என்பது அதன் பெயர். ரயில்வேக்காரர்கள் சுருக்கமாக டோக்கன் என்பார்கள்.

ஒரே தண்டவாளத்தில் இரு திசையிலும் ரயில் ஓட வேண்டும், எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக்கூடாது. அதற்கு வழி, அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் ஒரு கருவி வைத்து, இரண்டையும் மின்கம்பியால் இணைத்துவிடுவது. இந்த நிலைய அதிகாரி மணியடித்துக் கேட்பார், அந்த நிலைய அதிகாரி சம்மதித்துத் தம் கருவியை இயக்குவார், உடனே இங்கே ஒரு பந்து உருண்டு விழும். அந்தப் பந்து வெளியே இருக்கும் வரை இரண்டு கருவிகளில் எதுவும் அடுத்த பந்தை விடாது. பந்தில் அந்த இரண்டு நிலையங்களின் பெயர்களும் பொறித்திருக்கும். டிரைவர் அதைக் கையில் வாங்கிப் பெயரைச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்கலாம். பந்து கையில் இருந்தால் எதிரே வேறு வண்டி இல்லை என்று பொருள்.

நிற்காமல் போகும் ரயிலுக்குப் பந்தைக் கொடுப்பது எப்படி? அங்கேதான் உங்கள் வளையம் வருகிறது. நான் மதுரை ரயில்வே காலனியில் வளர்ந்தவன், என் தந்தையார் எஞ்சின் அடுப்புக்குக் கரி போடும் பயர்மேன். சிறுவனாக ஒருமுறை சிறு நிலையம் ஒன்றின் நடைமேடை ஓரத்தில் நின்று இதைப் பார்த்தேன். பாயிண்ட்ஸ்மேன் வளையத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருந்தார். எஞ்சின் வாசலில் ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு சாய்ந்து நின்ற பயர்மேன், மற்றக் கையை முழங்கை வரை வளையத்துக்குள் நுழைத்து வாங்கினார். வளையம் தோள் வரை ஏறிச் சுழன்று நின்றது. முந்தைய நிலையத்து வளையத்தை அவர் வீசியது மேடையில் உருண்டு வேலியில் போய் முட்டியது. இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. தந்தையாரின் இடது முழங்கையின் உட்பக்கத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்ததற்குக் காரணம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நடைமுறை யோசனை. ரயில்வே உடைமைகளை வீட்டில் வைத்திருப்பது குறித்து 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை. தாத்தாவின் பெயர், பணியாற்றிய நிலையம், காலம் ஆகியவற்றை எழுதிய ஒரு கடிதத்தோடு அதை அருங்காட்சியகத்திடம் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அதுவும் பத்தோடு பதினோராவது வளையமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்.

கேள்வி: காட்சிக்கு நிற்கும் நீராவி எஞ்சின்களை மறுபடி ஓட்ட முடியாதா? ஆண்டுக்கொரு முறை பெயிண்ட் அடிக்கிறார்கள், ஆனாலும் துருப்பிடித்துப் போகின்றனவே?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மதுரை

பதில்: உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை ஐயா, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பெயிண்ட் வெளியே, துரு உள்ளே. எஞ்சினின் வயிறு கொதிகலன். அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட குழாய்கள் ஓடுகின்றன, அவற்றின் உள்ளே நெருப்பின் புகையும் வெளியே தண்ணீரும் இருக்கும். ஓட்டத்தை நிறுத்திய அன்று அடியில் தங்கிய தண்ணீரையும் வண்டலையும் முழுவதும் எடுக்காமல் விட்டாலோ, புகைபோக்கியை மூடாமல் விட்டு ஐப்பசி மழை இறங்கிச் சாம்பலோடு கலந்தாலோ, சில ஆண்டுகளில் தகடு மெலிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புதுமாப்பிள்ளை போல் மின்னும் எஞ்சினின் உள்ளே சுத்தியல் தட்டினால் பொத்துக்கொண்டு போகும். கூரை ஒன்று போட்டாலே பாதி நோய் தீரும். பெயிண்டுக்கு ஆண்டுதோறும் செலவிடும் பணத்தைச் சேர்த்துவைத்துக் கூரை போடுங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஓட்ட முடியுமா என்றால், முடியும். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'ஃபேரி குவீன்' எஞ்சின் டில்லி அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சென்னை பெரம்பூர் தொழிற்சாலையில் பழுது பார்த்து 1997-இல் மீண்டும் பயணிகளோடு ஓட்டினார்கள். அதன் உடன்பிறப்பான 'இ.ஐ.ஆர்.-21' எஞ்சினையும் பெரம்பூர்க்காரர்கள் உயிர்ப்பித்து 2010 சுதந்திர தினத்தன்று சென்னையில் ஓட்டிக் காட்டினார்கள். திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை ஒரு படி மேலே போய், ஊட்டி மலைப்பாதைக்கு நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்திருக்கிறது. ஆகக் கைத்திறன் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு எஞ்சினையும் ஓட்டியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டுவதற்காகத் தேய்ந்த பாகத்தையெல்லாம் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் பழையது என்று எஞ்சியிருப்பது எண் மட்டுமே. ஒன்றை ஓட்டுங்கள், மற்றொன்றை அப்படியே கூரையின் கீழ் நிறுத்தி, ஒரு பக்கத் தகட்டை வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். அடுப்பின் உச்சித் தகட்டில் இருக்கும் 'லெட் பிளக்' வெளியே தெரிய வேண்டும். கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கி அந்த உச்சி வெளிப்பட்டால், பிளக்கில் வைத்த ஈயம் உருகி, நீராவி அடுப்புக்குள் பாய்ந்து எச்சரிக்கும். லெட் பிளக் உருகிவிட்டது என்றால் டிரைவருக்கும் பயர்மேனுக்கும் விசாரணை நிச்சயம். இரவு வண்டி முடித்துத் திரும்பும் தந்தையார், சாப்பிட உட்காரும்போது, "இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் பயங்காட்டிருச்சு" என்று அம்மாவிடம் சொல்வார். குளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார் என்றே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியை அருங்காட்சியகப் பொருளாகக் கொள்ளலாமா? 1964 புயலில் சிக்கிய ரயிலின் பாகங்கள் ஏதேனும் காட்சிக்கு இருக்கின்றனவா?
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தாராளமாகக் கொள்ளலாம், கொள்ளவும் வேண்டும். 1914 பிப்ரவரியில் திறந்த அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறைப்படி அமைந்தது. இரண்டு கைகள் போல் மேலே விரியும் அந்தப் பகுதியை, கடைசி வரை மனிதர்களே நெம்புகோல் தள்ளித் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பெரும்பகுதியைச் சிதைத்தபோதும் அது நின்றது. மற்றப் பகுதியை 46 நாளில் சீரமைத்தவர் பிற்காலத்தில் மெட்ரோ ரயிலால் புகழ்பெற்ற இ. ஸ்ரீதரன். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தது. இரும்பை உப்புக்காற்றில் அப்படியே விட்டுவைத்தால் அதுவே அழித்துவிடும் என்பதால், இரண்டு கைகளில் ஒன்றையாவது கரையில் ஏற்றி, நெம்புகோலோடு நிறுத்தி, வருகிறவர்கள் தள்ளிப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பேன்.

புயலில் போன பாம்பன்–தனுஷ்கோடி பயணி வண்டியைக் காட்சிப் பொருளாகப் பார்க்க எனக்கு மனமில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இறந்தார்கள். தனுஷ்கோடி நிலையத்தின் இடிந்த சுவர்களே போதும்.

கேள்வி: பழைய அட்டை டிக்கெட் ஏன் அவ்வளவு தடிமனாக இருந்தது?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: ரயிலே வராத மேலூரிலிருந்து டிக்கெட்டைப் பற்றிக் கேட்டதற்குத் தனிப் பாராட்டு. எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய நிலைய எழுத்தர் 1830-களின் இறுதியில் கண்ட முறை அது. முன்கூட்டியே வரிசை எண்ணோடு அச்சிட்டு, மர அடுக்கில் நிறுத்தி வைத்து, கேட்டவருக்கு எடுத்துத் தேதி இயந்திரத்தில் 'டக்'கென்று அழுத்திக் கொடுப்பார்கள். மெல்லிய தாளாக இருந்தால் அடுக்கிலும் நிற்காது, அந்த அடியையும் தாங்காது. மாலையில் அடுக்கில் மீந்த எண்ணைப் பார்த்தாலே கணக்கு முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் வழியாக ஓடிய பழைய போடி ரயிலில் நான் சின்ன வயதில் போயிருக்கிறேன். அந்த அளவு ரயிலில் இனி ஏற முடியாதா? ஊட்டி ரயிலும் அதே பாதைதான் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: உண்மைதான். போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 இறுதியில் மூடினார்கள். அகலப்பாதையாகி, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் ரயில் திரும்பியது. ஊட்டிப் பாதையின் அகலமும் அதே 1,000 மில்லிமீட்டர். வேறுபாடு ஒன்றே: கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி வீதம் ஏற வேண்டியிருப்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். அதில் இருப்பவை நான்கு சிலிண்டர்கள். இரண்டு சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்து வெளியேறும் நீராவியே ஏற்றத்தில் மற்ற இரண்டுக்கும் போகிறது.

போகும்போது கைப்பையில் தையற்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ரயில் புறப்படும் முன்பு, நிலைய ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தண்டவாளத் தலையின் உள்விளிம்பிலிருந்து மற்றதன் உள்விளிம்பு வரை அளந்து பாருங்கள். 39 அங்குலத்தைத் தாண்டி மூன்று நூல் வரும். திரும்பி வந்து உசிலம்பட்டி நிலையத்திலும் அனுமதி பெற்று அளந்தால், 60 அங்குல டேப் எட்டாது.